சேர்ந்து எழுதும் கட்டற்ற மென்பொருள்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே ஆவணத்தைப் பலர் பிரவுசரில் ஒரே நேரத்தில் எழுத உதவும் மென்பொருள் ஈத்தர்பேட். அதில் ஓர் ஆவணத்துக்குப் பேட் என்று பெயர். அங்கே நாலு பேர் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் அவசரத்துக்கு ஒரு பாஸ்வேர்டை அங்கேயே ஒட்டுகிறார். மற்றவர் நகலெடுத்ததும் அழித்துவிடுகிறார். திரையில் இல்லை, சரி. ஆனால் மேலே உள்ள கடிகாரப் படத்தை அழுத்தினால், பழைய நிலைகளைக் காட்டும் டைம்ஸ்லைடர் திறக்கும். அதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால், பேட் தொடங்கிய நொடி வரை எல்லாம் வரும். வழியில் அந்தப் பாஸ்வேர்டும் வரும். ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் சேமித்து வைப்பதுதான் ஈத்தர்பேட்டின் இயல்பு. அதனால் அழித்தது போய்விட்டது என்று நம்புவதுதான் நான் பார்த்த வரையில் பெரிய தவறு. தெரியாமல் ஒட்டிவிட்டால் முதலில் அந்தப் பாஸ்வேர்டையே மாற்றிவிடுங்கள். அப்புறம், தேவையான வரிகளை மட்டும் புது பேடுக்குக் கொண்டுபோய், பழையதை நீக்கச் சொல்லி சர்வர் நிர்வாகியிடம் கேளுங்கள்.

இந்த வரலாற்றை யார் பார்க்கலாம்? லிங்க் கையில் உள்ள எவரும். பொதுவாக ஈத்தர்பேட் நிறுவப்படும் விதத்தில் கணக்கு, லாகின் எதுவும் கிடையாது. லிங்க் கிடைத்தவர் படிக்கலாம், எழுதலாம், முழுதாக அழிக்கவும் செய்யலாம். இது தெரிந்தும் பேடுக்கு ‘கூட்டம்’, ‘அறிக்கை’ என்று பெயர் வைப்பவர்கள் நிறைய. அதே சர்வரில் வேறு யாராவது அதே பெயரைத் தட்டினால் நேரே உங்கள் பேடுக்குள்தான் வந்து நிற்பார்கள். புது பேடுக்கான பொத்தானை அழுத்தினால் யூகிக்க முடியாத பெயரை அதுவே தரும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். படித்தால் போதும் என்பவர்களுக்குப் பகிர்வுப் பெட்டியில் படிக்க மட்டுமான லிங்க் தனியாக இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

கட்டற்ற மென்பொருள் என்றாலே ரகசியம் காக்கும் என்று எண்ணுவது இன்னொரு தவறு. ஈத்தர்பேட் 2008இல் வந்தது. 2009 டிசம்பரில் கூகுள் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது. பயனர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் அதே மாதம் நிரல் அப்பாச்சி என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியானது. இன்று யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம், தன் சர்வரில் நிறுவலாம். ஆனால் நீங்கள் எழுதுவது அந்த சர்வரில் சாதாரண உரையாகத்தான் கிடக்கிறது. சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். உரிமம் வேறு, அந்தரங்கம் வேறு.

அந்தரங்கம் வேண்டுமென்றால் கிரிப்ட்பேட் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருள் பக்கம் போகலாம். அங்கே உரை உங்கள் பிரவுசரிலேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்குப் போகிறது. பூட்டைத் திறக்கும் சாவி, லிங்க்கில் # குறிக்குப் பின்னால் வரும் பகுதியில் இருக்கும். அந்தப் பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. இதற்கு ஒரு விலை உண்டு. கணக்கின் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் நிர்வாகியாலும் மீட்டுத் தர முடியாது. மற்ற தளங்களில் உள்ள ‘மறந்துவிட்டதா?’ என்ற சௌகரியத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். லிங்க்கை முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுப்பதும் வேண்டாம். பகிர்வுப் பொத்தானை அழுத்தி, திருத்தவா பார்க்கவா என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். லாகின் இல்லாமல் தொடங்கிய ஆவணம், யாரும் திறக்காமல் கிடந்தால் வழக்கமாக 90 நாளில் நீக்கப்படும். எனவே முடித்த வேலையின் பிரதி ஒன்று உங்கள் கணினியில் இருக்கட்டும். ஈத்தர்பேட் பொது சர்வர்கள் சிலவற்றிலும் இதே மாதிரி கெடு உண்டு.

எழுதும்போது செய்யும் தவறுகளில் அதிகக் குழப்பம் தருவது பத்தியை இடம் மாற்றுவது. நீங்கள் மூன்றாம் பத்தியை வெட்டி மேலே ஒட்டுகிறீர்கள். அதே நொடியில் இன்னொருவர் அந்தப் பத்திக்குள் ஒரு சொல்லைச் சேர்க்கிறார். மென்பொருளின் கண்ணுக்கு நீங்கள் செய்தது இடமாற்றம் இல்லை. ஓரிடத்தில் அழித்தது ஒன்று, வேறிடத்தில் புதிதாக எழுதியது ஒன்று. அவர் சேர்த்த சொல் பழைய இடத்திலேயே அநாதையாக நிற்கும், மேலே போன பத்தியில் அது இருக்காது. போதாததற்கு, ஈத்தர்பேட்டில் ஒவ்வொருவர் எழுத்துக்கும் ஒரு நிறம் உண்டு, ஒட்டிய பத்தி உங்கள் நிறத்துக்கு மாறிவிடும். யார் எழுதியது என்ற தடயம் டைம்ஸ்லைடரில் மட்டும்தான் மிஞ்சும். இடம் மாற்றும் முன் அரட்டைப் பெட்டியில் ‘இதைத் தொடாதீங்க’ என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

ஈத்தர்பேட்டில் கோப்பை இறக்குமதி செய்தால் அது கடைசியில் சேராது, இருப்பதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். இணையம் துண்டிக்கப்பட்ட அறிவிப்பு வந்தால் தட்டச்சை நிறுத்துங்கள். கடைசி சில வரிகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தை மீண்டும் திறங்கள்.

சொந்தமாக ஈத்தர்பேட் நிறுவுபவர்களுக்கு இரண்டு விஷயம். இயல்பாக வரும் டர்ட்டி டேட்டாபேஸ் சோதித்துப் பார்க்க மட்டும்தான். நாலு பேர் நம்பிப் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் தொடக்கத்திலேயே போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் போன்ற முழு டேட்டாபேஸுக்கு மாற்றிவிடுங்கள், பிறகு மாற்றுவது தலைவலி. ஈத்தர்பேட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்திருந்தால், எழுத்துகளை உடனுக்குடன் கொண்டுசேர்க்கும் வெப்சாக்கெட் இணைப்புக்கான அப்கிரேடு ஹெட்டரை அது உள்ளே அனுப்புகிறதா என்று பாருங்கள். அனுப்பாவிட்டாலும் பேட் வேறு வழியில் ஓடத்தான் செய்யும், ஆனால் எழுத்துகள் தாமதமாக வருகின்றன என்ற புகார் வர ஆரம்பிக்கும்.