பாதியில் நின்ற அன்இன்ஸ்டோல்

பழைய கொம்பியூட்டரில் ஒரு புரோகிராம் பாதி அழிந்து பாதி ஒட்டிக்கொண்டு நின்றால், போல்டர் போல்டராகத் தேடி அழிக்காதீர்கள். அதே புரோகிராமை, அதே வெர்ஷனில், அதே இடத்தில் மறுபடி இன்ஸ்டோல் செய்யுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, அப்புறம் கொன்ட்ரோல் பேனலுக்குப் போய் முறையாக நீக்குங்கள்.

அட்டன், நுவரெலியா பக்கம் மழையோடு கரண்ட் போனால், யூபிஎஸ் இல்லாத மெஷினில் நீக்கும் வேலை நடுவில் அறுந்துவிடும். நீக்குவதற்கென்றே இருக்கும் பைலும் சில நேரம் அதோடு போய்விடும். பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும்; அழுத்தினால் பிழைச் செய்திதான் வரும். மேலேயே மறுபடி போடும்போது அந்தப் பைலும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளும் (புரோகிராம்கள் பற்றி விண்டோஸ் வைத்திருக்கும் குறிப்புகள்) திரும்ப வந்துவிடுகின்றன. செட்டப் பைலை ஒரு பென் டிரைவில் வைத்திருந்தால் மறுபடி டவுன்லோட் செய்யும் டேட்டாவும் மிச்சம்.

வைரஸ் கார்டுக்கு (வைரஸைத் தடுக்கும் புரோகிராமுக்கு) இது அவ்வளவாகச் சரிவராது. அவற்றைத் தயாரிப்பவர்களே பெரும்பாலும் தனி நீக்கும் கருவி தருகிறார்கள், அதையே பாவியுங்கள். பழைய செட்டப் கையில் இல்லையென்றால், புது வெர்ஷனை அதன்மேல் போட்டுப் பார்க்க வேண்டாம். சிக்கல் இரண்டாகலாம்.