கரண்ட் கட் ஆகற நாள் பாத்து தறி தெருவுக்கு போங்க

காது கேளாமை பத்தி ஊருக்குள்ள எடுத்து சொல்லணும்னு வர்றவங்க நிறைய பேரு மார்ச் 3 உலக செவித்திறன் நாளைக்கு ஒரு பேனர், ஒரு ஊர்வலம்னு முடிச்சுக்கறாங்க. தப்பே இல்லங்க, ஆனா அதுக்கப்புறம் எத்தன பேரு காத டெஸ்ட் பண்ணிக்கிட்டாங்க? நாலு வருஷமா சேலத்துல விசைத்தறி ஓடற அம்மாபேட்டை, குகை பக்கம் சுத்திட்டிருக்கேன், நான் எண்றது அத மட்டும்தான்.

மொதல்ல நாள் பாக்கணும். தறி ஓடும்போது போனா நீங்க பேசறது உங்களுக்கே கேக்காது. மாசாந்திர பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்துவாங்கல்ல, எந்த ஏரியானு முந்தின நாள் பேப்பர்லயே வந்துரும், அன்னிக்கு போனீங்கன்னா எல்லாரும் வாசல்ல டீயோட உக்காந்திருப்பாங்க, நிதானமா பேசலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவ தறி ஓடும்போதும் போய், போன்ல சத்தம் அளக்கற ஆப்ப போட்டு காட்டிருங்க. துல்லியமா இருக்காது, ஆனா கண்ணுல பாக்கறாங்கல்ல. 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வரம்புனு சொல்லுவாங்க, விசைத்தறி ஷெட்டுல அது சாதாரணமா தாண்டிரும். ஒரு அண்ணன் என் போன வாங்கி தறிகிட்ட ஒரு தடவ, வாசப்படில ஒரு தடவ, தெரு முக்குல ஒரு தடவ வச்சு பாத்துட்டு திருப்பி குடுத்தாரு. "இருபத்தஞ்சு வருசமுங்க" னு மட்டும்தான் சொன்னாரு.

அவங்க கிட்ட "காது கேக்குதா" னு கேக்காதீங்க, கேக்குதுனுதான் சொல்லுவாங்க. சத்தம் கேக்குது ஆனா என்ன பேசறாங்கனு புரியலயா, டிவி சவுண்ட குறைக்க சொல்லி வீட்ல சண்டையா, இப்படி கேளுங்க. உள்காதுல சத்தத்த உணர்ற மயிர் செல்லு செத்தா திரும்ப முளைக்காது, பஞ்சு வச்சா பெருசா தடுக்காது, காதடைப்பான் வேணும்னு அப்ப சொன்னா மனசுல ஏறும். சூடு பண்ண எண்ணெய ஊத்தறது, ஹேர்பின் விடறது, ரெண்டையும் கண்டிப்பா நிறுத்த சொல்லுங்க.

கூட காது கேளாதவங்க ஒருத்தர கூட்டிட்டு போங்க, சும்மா மேடைல உக்கார வைக்க இல்ல, அவரே சைகை மொழில பேசட்டும், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர் வச்சுக்கோங்க, அவருக்கு காசும் குடுத்துருங்க. ஊமை, செவிடுனு யாராவது சொன்னா அங்கயே பக்குவமா திருத்துங்க.

கைக்குழந்தை இருக்கற வீடுன்னா இத விடவே கூடாது: பொறந்து 1 மாசத்துக்குள்ள காது கேக்குதானு ஸ்கிரீனிங், 3 மாசத்துக்குள்ள குறை இருக்கா இல்லயானு உறுதி பண்றது, 6 மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பிக்கறது. ஓஏஇ டெஸ்ட்னு ஒன்னு, காதுக்குள்ள சின்னதா சத்தம் விட்டு உள்காது பதில் குடுக்குதானு பாக்கறது, குழந்தை தூங்கும்போதே எடுத்துருவாங்க, வலிக்காது. சொந்தத்துல கட்டிக்கறது நம்ம பக்கம் சகஜம், அதனால பிறவிலயே காது கேக்காம போற வாய்ப்பு கூடும்ங்கறதும் நெசம்தான், ஆனா மாமியாரு நிக்கும்போது அந்த பேச்ச எடுத்துராதீங்க, பழி மொத்தமும் அந்த பொண்ணு தலைல விழும்.

ஏற்காடு மேல போனா எனக்கு பேச்ச ஆரம்பிக்க ஒரு வழி இருக்கு. இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ல ஏறும்போது காது அடைக்கும்ல, எச்சில் முழுங்குனா விட்டுரும். அந்த அடைப்பு விடாமயே இருந்தா கிளாஸ்ல டீச்சர் சொல்றது எப்படி கேக்கும்னு பிள்ளைங்க கிட்ட கேளுங்க, காதுல சீழ் வடியற பையன் யாருனு அவங்களே கைய காட்டிருவாங்க. அந்த பையன அப்படியே விட்டுட்டு வராதீங்க, பெத்தவங்க கிட்ட பேசி ஈஎன்டி டாக்டர் கிட்ட காட்டற வரைக்கும் கூட இருங்க, ஒரு நாள் கூலி போகுதேனு தயங்கறவங்கதான் அதிகம்.

காது மெஷின் வாங்கி குடுத்தாச்சுன்னா ஒரு மாசம் கழிச்சு அதே வீட்டுக்கு திரும்ப போங்க. பாதி வீட்ல அது பீரோவுக்குள்ள டப்பாவோட இருக்கும். பேட்டரி தீந்திருக்கும், இல்லனா கொய்ங்னு கத்துதுனு கழட்டி வச்சிருப்பாங்க, காதுக்குள்ள வைக்கற மெஷினோட அச்சு சரியா பொருந்தலனா அப்படித்தான் கத்தும், மாட்டுனவங்க கிட்டயே கூட்டிட்டு போய் சரி பண்ணி போட்டு விடுங்க.