உவர்மண்ணில் தீவனப்புல்: நடும் முன்பே நடக்கும் தவறுகள்

பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வட்டாரத்தில் மாடு வளர்ப்பவர்கள், செம்பனை தேறாத தாழ்வான நிலத்தில் நேப்பியர் எனும் தீவனப்புல்லின் குச்சியை ஊன்றுவதுண்டு. துளிர்த்த புல் நுனி கருகிச் சாகும்போது ரகத்தின் மேல் பழி விழுகிறது. பெரும்பாலும் ரகம் காரணமல்ல.

மண்ணின் உப்பை அளக்காமல் நடுவது ஒரு தவறு. அளந்த எண்ணைத் தவறாகப் படிப்பது அதைவிட மோசம். ஒரு பங்கு உலர்ந்த மண்ணை ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளிந்ததும், மின்கடத்தும் திறனைக் கொண்டு உப்பை அளக்கும் இ.சி. மீட்டரை வைக்கிறோம். புல்வகைகள் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று சொல்லும் அட்டவணைகளில் இருப்பது இந்த எண் அல்ல. நீர் தெவிட்டிய மண்ணிலிருந்து பிரித்த சாற்றின் எண். கனத்த களிமண்ணுக்கு மீட்டர் காட்டுவதைச் சுமார் 6 ஆல் பெருக்க வேண்டும். மீட்டரில் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் (இ.சி. அளவின் அலகு) என்றால் நிலத்தில் 6. இப்படிப் பெருக்கிய எண் நான்கைத் தாண்டினாலே அது உவர்மண். அருகம்புல் ஏறக்குறைய 7 வரை விளைச்சல் குறையாமல் நிற்கும். எருமைப்புல் (பாரா புல்) நடுத்தர உப்பையும் சேற்றையும் சேர்த்துத் தாங்கும். நேப்பியருக்குத் தண்ணீர் தேங்குவதே ஆகாது. பெருமழைக்கு மறுநாள் எடுத்த மண் பொய்க்கணக்குக் காட்டும். வெயில் நீடித்த நாட்களில், மேல்மண்ணையும் ஒன்றரை அடி ஆழத்து மண்ணையும் தனித்தனியாக எடுங்கள்.

உப்பை வடிக்க வாய்க்காலை ஆழமாக வெட்டுவதுதான் இங்கே மிகப் பெரிய சேதம். நம் கரையோரக் களிமண்ணுக்கு அடியில் பல இடங்களில் பைரைட் எனும் இரும்பு-கந்தகக் கனிமம் இருக்கிறது. நீருக்குள் இருக்கும்வரை அது சாது. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகி, மண்ணின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் எண்) 3.5-க்கும் கீழே இறங்கும். அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். வெட்டிய மண்ணில் வைக்கோல் மஞ்சள் திட்டுகள், வாய்க்காலில் துருநிறத் தண்ணீர் தெரிந்தால் காரணம் உப்பு மட்டுமல்ல. அங்கே உப்பைத் தாங்கும் ரோட்ஸ் புல்லும் தேறாது. வாய்க்காலை ஆழமில்லாமல் வெட்டி, மதகால் நீர்மட்டத்தைப் பைரைட் அடுக்குக்கு மேலேயே நிறுத்துங்கள்.

ஓர் அடி நல்ல நீர் மண்ணுக்குள் இறங்கி வெளியேறினால் மேல் ஓர் அடி மண்ணிலுள்ள உப்பில் 80 விழுக்காடு வரை போகும். நமக்கு மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கரை உடைந்தோ மதகு ஒழுகியோ கடல்மட்டம் உயரும் ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வந்தால் கழுவியதெல்லாம் வீண். கரையை அடைத்த பிறகே நடவு.

ஜிப்சத்தை (கால்சியம் சல்பேட்) எல்லா நிலத்திலும் கொட்டுவது பணவிரயம். மண்கட்டி ஒன்றை மழைநீரில் அசைக்காமல் போடுங்கள். சுற்றிலும் பால்போலக் கலங்கினால் சோடியம் மிகுதி, அதற்குத்தான் ஜிப்சம்.

உப்பை மிகக் குறைவாகத் தாங்குவது முளைக்கும் பருவம். விதை தூவாமல், வேர் பிடித்த கரணைகளை மழை தொடங்கியதும் நடுங்கள். செம்பனைக்குப் போடும் மியூரியேட் பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு; மீந்த மூட்டையைப் புல்லுக்கு இறைக்காதீர்கள். வெறும் மண் காய்ந்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும் என்பதால், அறுக்கும்போது நாலைந்து அங்குலத் தாளை விட்டு, இடைவெளியில் மட்டை அல்லது காய்ந்த புல் பரப்புங்கள்.

எருமைப்புல்லை வாய்க்கால் ஓரத்தில் நடவே கூடாது. கொடி தண்ணீருக்குள் படர்ந்து மதகை அடைத்துவிடும். உவர்நிலத்துப் புல்லைத் தின்னும் மாட்டுக்கு நாள் முழுவதும் நல்ல தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாய்க்கால் நீரைக் காட்டாதீர்கள்.