அழகு, அருமை, பிரமாதம்: குறிப்பேட்டைக் கெடுக்கும் தவறுகள்

போன ஊர், பார்த்த பறவை, சாப்பிட்ட சாப்பாடு, படித்த புத்தகம் என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பவர்கள் ஆறு மாதம் கழித்து அதைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாந்துதான் போவார்கள். ‘அழகான இடம்’, ‘அருமையான ருசி’, ‘பிரமாதமான புத்தகம்’. எழுதியவர் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார் என்று தெரிகிறது. எதைப் பார்த்தார் என்பது மட்டும் தெரியவில்லை. கருத்தை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தேதி, இடம், நேரம், அளவு இதெல்லாம் அங்கேயே எழுதாவிட்டால் போனது போனதுதான்.

இதில் பெரிய ஆட்களும் மாட்டியிருக்கிறார்கள். 1835-இல் பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளுக்குப் போனபோது சார்லஸ் டார்வினுக்கு வயது 26. அங்கே குருவிகளைச் சேகரித்தவர், எது எந்தத் தீவில் கிடைத்தது என்று பெரும்பாலும் குறித்து வைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் வேறு வேறு இனங்கள் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம் என அங்கிருந்த அதிகாரி ஒருவர் சொன்னதைக்கூட அவர் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1837-இல் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் அந்தக் குருவிகளைச் சோதித்து, இவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ள தனித்தனி இனங்கள் என்றார். அதன் பிறகுதான் தீவின் பெயர் எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் போன்றவர்கள் தீவின் பெயரோடு எடுத்து வைத்திருந்த பறவைகளைப் பார்த்து டார்வின் தன் கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவருக்காவது ஃபிட்ஸ்ராய் இருந்தார். நம் குறிப்பேட்டில் விட்டுப்போனதை எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது.

இயற்கையைக் கவனிப்பவர்கள் செய்யும் இன்னொரு தவறு, பெயருக்கு அவசரப்படுவது. ஒரு பறவை கண்ணில் பட்டதும் கைபேசிச் செயலியைத் திறக்கிறோம், அது ஒரு பெயரைச் சொல்கிறது, அதோடு பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். செயலி தருவது ஊகம்தான், தவறாகவும் இருக்கலாம். (காளான், காட்டுச்செடி விஷயத்தில் அதை நம்பி எதையும் வாயில் வைக்கவே கூடாது.) ‘காலை ஏழேகால், குளக்கரை, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, மெலிந்த உடம்பு, நீண்ட வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டியது, தத்தாமல் நடந்து போனது’ என்று எழுதி வைத்தால், பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அது வாலாட்டிக் குருவிதான் என்று இன்னொருவர் படித்துவிட்டே சொல்லிவிடுவார். வெறும் பெயர் மட்டும் இருந்து அதுவும் தப்பாக இருந்தால், அந்தக் குறிப்பு முழுவதுமே வீண்.

அப்புறம், அபூர்வமானதை மட்டும் எழுதுவது. தினமும் பார்ப்பதை யார் எழுதுவார்கள் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் கான்கார்ட் என்ற ஊரில் 1850-களில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ தினமும் பார்ப்பதைத்தான் எழுதினார். எந்தச் செடி எந்தத் தேதியில் முதலில் பூத்தது என்று ஆண்டுதோறும் குறித்து வந்தார். ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தத் தேதிகளோடு ஒப்பிட்டபோது, அங்குள்ள செடிகள் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே பூக்கத் தொடங்கிவிட்டது தெரிந்தது. பருவநிலை மாற்றத்துக்குச் சாட்சியாக நிற்கும் என்று நினைத்து அவர் எழுதவில்லை. தேதி போட்டு எழுதினார், அவ்வளவுதான்.

பயணத்தில் புகைப்படம் எடுத்தாயிற்று, இனி எழுத வேண்டாம் என்று விடுவதும் வழக்கம். 2014-இல் உளவியலாளர் லிண்டா ஹெங்கெல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களை முழுதாகப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்தவைதான் குறைவாக நினைவிருந்தன. பொருளின் ஒரு பகுதியை நெருக்கிக் காட்டிப் படம் எடுத்தபோது அந்தக் குறை தெரியவில்லை. அதாவது கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை, எதையாவது உற்றுப் பார்த்தோமா என்பதுதான் விஷயம். இன்னொன்று: அரட்டைச் செயலிகளில் அனுப்பி வாங்கிய படங்களில், எடுத்த நேரமும் இடமும் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். மூலப் படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அபூர்வப் பறவையின் கூட்டைப் படம் எடுத்தால் மட்டும் நேர்மாறாக, இடத்தை வெளியில் சொல்லாமல் இருப்பதே நல்லது. கூட்டம் கூடினால் தாய்ப்பறவை கூட்டை விட்டே போய்விடலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சாப்பிட்டு முடித்த பிறகு எழுதுபவர்கள்தான் அதிகம். அதற்குள் மூக்கு பழகிவிடுகிறது. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் வரும் சுவை) ஆகியவைதான். காரம்கூட சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளின் வேலை. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாயிலிருந்து மூக்குக்கு ஏறும் மணம். ஒரே மணம் தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களிலேயே அதன் வேகம் குறைந்து தெரியும். ஆகவே முதல் இரண்டு வாயிலேயே நான்கு சொற்கள் கிறுக்கிவிட வேண்டும்: முதலில் எது தெரிந்தது, கடைசியில் எது நின்றது, மொறுமொறுப்பா குழைவா, சூடா ஆறியதா. சளி பிடித்திருக்கும்போது எந்தச் சமையலையும் எடை போடாதீர்கள், அது சமைத்தவருக்கு அநியாயம்.

புத்தகத்தில் அடிக்கோடு போடுவது வேலை செய்வதுபோலத் தோன்றும், ஆனால் அதனால் மனதில் தங்குவது கொஞ்சம்தான். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கே இருவரும் நடத்திய சோதனையில், படித்த பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். சரி, அப்படியே செய்யுங்கள். அத்தியாயம் முடிந்ததும் மூடி வைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதுங்கள், விட்டதைப் பிறகு திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

எழுதுகிறவர்கள் இதில் ஒன்றை விடவே கூடாது. நூலாசிரியரின் வரியையும் உங்கள் எண்ணத்தையும் ஒரே மாதிரி எழுதி வைத்தால், இரண்டு வருடம் கழித்து எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்தவர் வரி உங்கள் கட்டுரையில் உங்கள் பெயரில் வந்து உட்காரும். தெரியாமல் செய்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எடுத்த வரிக்கு மேற்கோள் குறி, பக்கத்திலேயே பக்க எண். உங்கள் சொந்த எண்ணத்துக்கு ஓரத்தில் ஒரு கோடு.