பழைய கணினியில் சீரியல் கார்டு பொருத்தும் முறை

ஐஎஸ்ஏ ஸ்லாட் (கூடுதல் அட்டைகளைச் சொருகும் இடம்) உள்ள ஒரு பழைய கணினியில் சீரியல் கார்டு (மவுஸ், மோடம் போன்றவற்றை இணைக்கும் சீரியல் போர்ட்டைத் தரும் அட்டை) பொருத்த முனைவோர், ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பு ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கார்டைச் சொருகித் திருகை முடுக்குவது சில நிமிட வேலைதான். அந்தக் கார்டுக்கு எந்த முகவரியை, எந்த இன்டரப்ட்டை (பிராசஸரின் கவனத்தை ஈர்க்கும் சமிக்ஞையை) ஒதுக்குவது என்று முடிவு செய்வதே பெரும்பகுதி வேலை. பழுதானது என்று ஒதுக்கப்பட்டு என் கைக்கு வந்த சீரியல் கார்டுகளில் பல, எந்தப் பழுதும் இல்லாமல் வேறொரு சாதனத்துடன் மோதிக்கொண்டிருந்தவையாகவே இருந்தன. ஜம்பரை (கார்டின் ஊசிகளை இணைத்து அமைப்பை மாற்றும் சிறு மூடியை) ஓரிடம் மாற்றியதும் அவை வேலை செய்தன.

முகவரியும் இன்டரப்ட்டும்

சீரியல் கார்டின் மையத்தில் இருப்பது யுஏஆர்டி எனப்படும் சிப். பிராசஸர் அதனுடன் பேசுவதற்கு அடுத்தடுத்த எட்டு உள்ளீட்டு-வெளியீட்டு முகவரிகள் தேவை. அவற்றில் முதலாவதைத்தான் கார்டின் முகவரி என்கிறோம். வெளியிலிருந்து ஓர் எழுத்து வந்துவிட்டது என்று அந்தச் சிப் பிராசஸரைத் தட்டிச் சொல்லும் இன்டரப்ட் கம்பிதான் ஐஆர்க்யூ. ஐபிஎம் பிசி வழிவந்த கணினிகளில் இவற்றுக்கு நிலைபெற்ற வழக்கம் உண்டு. காம்1 எனப்படும் முதல் சீரியல் போர்ட்டுக்கு 3எஃப்8, ஐஆர்க்யூ 4. காம்2-க்கு 2எஃப்8, ஐஆர்க்யூ 3. காம்3-க்கு 3இ8, மறுபடியும் ஐஆர்க்யூ 4. காம்4-க்கு 2இ8, மறுபடியும் ஐஆர்க்யூ 3. முகவரிகள் அனைத்தும் பதினாறடிமான (0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கொண்ட) எண்களில் எழுதப்படுபவை.

நான்கு போர்ட்டுகளுக்கு இரண்டே இன்டரப்ட் என்ற இந்த ஏற்பாட்டில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஐஎஸ்ஏ பஸ்ஸில் (ஸ்லாட்டுகளைப் பிராசஸருடன் இணைக்கும் கம்பித் தொகுதியில்) இன்டரப்ட் கம்பியின் மின்னழுத்தம் தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும் கணத்தை மட்டுமே கணினி கவனிக்கிறது. அதோடு ஒவ்வொரு கார்டும் அந்தக் கம்பியைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே கம்பியில் இரண்டு கார்டுகள் இருந்தால் ஒன்று ஏற்ற முயலும்போது மற்றொன்று இறக்கிப் பிடிக்கும். காம்1-இல் மவுஸும் காம்3-இல் மோடமும் வைத்திருந்த ஒரு கணினியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டும் தனித்தனியே ஒழுங்காக இயங்கின. ஆனால் மோடம் டயல் செய்யத் தொடங்கிய அந்த நொடியே திரையில் மவுஸ் அம்புக்குறி அசைவற்று நின்றுவிடும். இணைப்பைத் துண்டித்தாலும் கணினியை மறுபடி தொடங்கும்வரை அது நகராது. மோடத்தின் ஜம்பரை ஐஆர்க்யூ 5-க்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை அடியோடு தீர்ந்தது.

எனவே மூன்றாவது போர்ட்டுக்குத் தனி இன்டரப்ட் தேட வேண்டும். வழக்கப்படி ஐஆர்க்யூ 5 இரண்டாவது பிரிண்டர் போர்ட்டுக்கு உரியது. அது பெரும்பாலான கணினிகளில் இல்லை என்பதால் காலியாக இருக்கும். ஆயினும் சவுண்ட் கார்டு இருந்தால் அது 5-ஐப் பிடித்திருக்க வாய்ப்பு உண்டு. ஐபிஎம் பிசிக்கு அடுத்து வந்த எக்ஸ்டி வகைக் கணினியில் ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலரே 5-இல்தான் இருக்கும். ஐஆர்க்யூ 7 முதல் பிரிண்டர் போர்ட்டுக்குரியது; ஆனால் டாஸ் இயங்குதளம் அச்சிடுவதற்குப் பொதுவாக இன்டரப்ட்டைப் பயன்படுத்துவதில்லை என்பதால் அதையும் பல நேரங்களில் எடுத்துக்கொள்ளலாம். நீளமான 16 பிட் தொடர்முனை (ஸ்லாட்டில் சொருகும் விளிம்பு) கொண்ட கார்டானால் 10, 11, 12, 15 போன்றவையும் கிடைக்கும். குட்டையான 8 பிட் கார்டுக்கு 2 முதல் 7 வரை மட்டுமே எட்டும்.

முகவரியிலும் ஒரு பொறி உண்டு. காம்4-க்குரிய 2இ8, ஐபிஎம் 8514/ஏ வழிவந்த காட்சி அட்டைகளுடனும் எஸ்3 சிப் கொண்ட காட்சி அட்டைகளுடனும் மோதும். அந்த அட்டைகள் 42இ8, 92இ8 போன்ற முகவரிகளைப் பயன்படுத்துகின்றன. பழைய சீரியல் கார்டுகளோ முகவரியின் கடைசிப் பத்து பிட்டுகளை மட்டுமே பார்ப்பதால், அவற்றின் கண்ணுக்கு இவை எல்லாமே 2இ8 ஆகத் தெரியும். இத்தகைய காட்சி அட்டை உள்ள கணினியில் காம்4-ஐத் தவிர்த்துவிடுவதே நல்லது.

மதர்போர்டிலேயே சீரியல் போர்ட்டுகள் இருக்கும் கணினியானால், பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் நிரல்) அமைப்புக்குள் சென்று அவை எந்த முகவரிகளில் உள்ளன என்று குறித்துக்கொள்ள வேண்டும். தேவையில்லாததை அங்கேயே முடக்கிவிடலாம். ஐஎஸ்ஏ-வுக்குப் பின் வந்த பிசிஐ ஸ்லாட்டும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டும் கலந்த கணினிகளில் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும்: நீங்கள் தேர்ந்தெடுத்த ஐஆர்க்யூவை ஐஎஸ்ஏ கார்டுக்கென்று பயாஸில் ஒதுக்கிவைக்க வேண்டும். இல்லையெனில் பயாஸ் அதை ஒரு பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடும்.

கார்டைத் தயார் செய்தல்

ஜம்பர்களைத் தொடுவதற்கு முன் அவை இருக்கும் நிலையை ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையேடு இல்லாத கார்டுகளே அதிகம். ஆனால் பலவற்றில் ஜம்பர்களின் பக்கத்திலேயே முகவரியும் ஐஆர்க்யூ எண்ணும் வெள்ளை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அச்சிடப்படாதவற்றில், ஐஆர்க்யூ ஜம்பரின் ஊசிகளிலிருந்து கார்டின் தொடர்முனைக்குச் செல்லும் தடத்தை மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையால் (இரு புள்ளிகள் இணைந்திருந்தால் மீட்டர் ஒலிக்கும்) கண்டுபிடித்துவிடலாம். ஹார்ட் டிஸ்க், ஃபிளாப்பி, பிரிண்டர், கேம் போர்ட் அனைத்தும் ஒன்றாக இருக்கும் பல்பயன் கார்டானால், சீரியல் தவிர மற்ற அனைத்தையும் ஜம்பர் மூலம் முடக்குங்கள். அங்கே மறந்துபோன ஒரு ஜம்பரால் கணினி ஹார்ட் டிஸ்கிலிருந்து தொடங்காமல் நின்றுபோவது உண்டு.

கார்டில் உள்ள சிப்பின் எண்ணையும் படித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வேகத்தின் எல்லையை அதுதான் தீர்மானிக்கிறது. 8250, 16450 ஆகிய சிப்புகள் வந்த எழுத்தில் ஒன்றை மட்டுமே வைத்திருக்க வல்லவை. 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண்ணை 16-ஆல் வகுத்தால் கிடைக்கும் நொடிக்கு 1,15,200 பிட் என்பதே வழக்கமான கார்டுகளின் உச்ச வேகம். அந்த வேகத்தில், ஓர் எழுத்துக்குப் பத்து பிட்டாக, நொடிக்கு 11,520 எழுத்துகள், அதாவது சுமார் 87 மைக்ரோநொடிக்கு ஒரு எழுத்து வந்துகொண்டிருக்கும். அதற்குள் பிராசஸர் வந்து எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து முந்தையதை அழித்துவிடும். 16550ஏ சிப்பில் 16 எழுத்துகள் கொள்ளும் வரிசை இருப்பதால் பிராசஸருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. நாற்பது ஊசி கொண்ட 8250 அல்லது 16450 சாக்கெட்டில் பொருத்தப்பட்டிருந்தால், அதைக் கழற்றி அதே இடத்தில் 16550ஏ-வைப் போட்டுவிடலாம். பழைய கார்டுக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இதற்கு இணையான பலன் தருவது வேறில்லை என்பது என் கருத்து.

பொருத்துதல்

கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள். கார்டின் தொடர்முனை மங்கியிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கார்டின் இரு முனைகளையும் ஒரே அழுத்தத்தில் நேராக இறக்கி, உலோகத் தகட்டைத் திருகால் இறுக்குங்கள். 8 பிட் கார்டு 16 பிட் ஸ்லாட்டிலும் தாராளமாக வேலை செய்யும். ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் எட்டாவது ஸ்லாட் மட்டும் விதிவிலக்கு. அதற்கென்று தனிச் சமிக்ஞை தரக்கூடிய கார்டுகளே அதில் இயங்கும்.

கார்டிலுள்ள பத்து ஊசித் தலையிலிருந்து பின்புறத்து ஒன்பது ஊசி இணைப்பானுக்குச் செல்லும் பட்டைக் கம்பியில் பலர் ஏமாறுகிறார்கள். சிவப்புக் கோடு முதல் ஊசியின் பக்கம் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்தக் கம்பிகள் இரண்டு வகைப்படும். ஒரு வகையில் தலையின் 5-ஆம் ஊசி இணைப்பானின் 5-ஆம் ஊசிக்கே செல்லும். மற்ற வகையில் அது 3-ஆம் ஊசிக்குச் செல்லும், 5-ஆம் ஊசிக்கு வருவது தலையின் 9-ஆம் ஊசி. வகை மாறினால் கார்டும் கம்பியும் நன்றாக இருந்தும் ஓர் எழுத்துகூடப் போகாது. இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. கம்பியைக் கார்டில் மாட்டிய பிறகு, மின்சாரம் இல்லாத நிலையில், மல்டிமீட்டரின் ஒரு முனையை இணைப்பானின் 5-ஆம் ஊசியிலும் மறுமுனையைப் பெட்டியின் உலோகத்திலும் வையுங்கள். 5-ஆம் ஊசி கிரவுண்டுக்கு உரியது என்பதால் மீட்டர் ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லையென்றால் கம்பி இந்தக் கார்டுக்கு உரியதன்று.

சோதித்துப் பார்த்தல்

கணினியை இயக்கியதும், வெளிச் சாதனம் எதையும் இணைக்காமல், 5-ஆம் ஊசிக்கும் 3-ஆம் ஊசிக்கும் இடையே டிசி மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். எதுவும் அனுப்பாமல் இருக்கும்போது 3-ஆம் ஊசியில் எதிர்மறை மின்னழுத்தம், பெரும்பாலும் 12 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக, இருக்க வேண்டும். சுழியம் காட்டினால் பவர் சப்ளையிலிருந்து எதிர்மறை 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். 1488 டிரைவர் சிப் கொண்ட கார்டுகளுக்கு அது இன்றியமையாதது.

அடுத்து டாஸில் டீபக் நிரலைத் திறந்து, "டி 40:0" என்று கட்டளை கொடுங்கள். வரும் முதல் எட்டு பைட்டுகளே பயாஸ் கண்டறிந்த நான்கு சீரியல் போர்ட்டுகளின் முகவரிகள். "எஃப்8 03 எஃப்8 02" என்று தலைகீழாகத் தெரிவதை 3எஃப்8, 2எஃப்8 என்று படிக்க வேண்டும். மூன்றாவது இடத்தில் சுழியங்கள் இருந்தால் அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். பழைய பயாஸ்கள் பல முதல் இரண்டு முகவரிகளை மட்டுமே தேடுகின்றன. யுஏஆர்டியை நேரடியாக அணுகும் தொடர்பு நிரல்களுக்கு இந்தப் பட்டியல் தேவையில்லை.

பிறகு சிறு கம்பித் துண்டால், எழுத்தைப் பெறும் 2-ஆம் ஊசியையும் அனுப்பும் 3-ஆம் ஊசியையும் இணையுங்கள். ஒரு டெர்மினல் நிரலில் முகவரியையும் ஐஆர்க்யூவையும் கொடுத்து, தானாக எதிரொலிப்பதையும் ஃப்ளோ கன்ட்ரோலையும் (அனுப்புவதைத் தேவைப்படும்போது நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டையும்) அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தட்டிய எழுத்து திரையில் தோன்ற வேண்டும். கம்பியை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். நிரல் கார்டைக் கண்டுகொள்கிறது, ஆனால் எழுத்து மட்டும் திரும்பவில்லை என்றால் முகவரி சரி, இன்டரப்ட் தவறு என்பதே பெரும்பாலும் பொருள். முகவரியை மட்டும் பார்த்து "போர்ட் உள்ளது" என்று அறிவிக்கும் கண்டறியும் நிரல்களை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம்.

இயங்குதளத்துக்கும் புதிய ஐஆர்க்யூவைச் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 3.1-இல் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பிலும், விண்டோஸ் 95-இல் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் ரிசோர்சஸ் பக்கத்திலும் இதை மாற்றலாம். லினக்ஸில் செட்சீரியல் கட்டளை இதற்கே உள்ளது. அங்கே எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால் காம்3 என்பது டிடிஒய்எஸ்2 ஆகும். லினக்ஸில் எழுத்துகள் நெடுந்தாமதத்துடன் கொத்துக் கொத்தாக வந்தால், அங்கேயும் ஐஆர்க்யூதான் தவறு.

உண்மையான சாதனத்தை முதலில் 9,600 வேகத்தில், எட்டு டேட்டா பிட், பேரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்ற அமைப்பில் இணையுங்கள். இரண்டு கணினிகளை நேரடியாக இணைப்பதானால் 2-உம் 3-உம் குறுக்காக மாறும், ஆங்கிலத்தில் ‘null modem’ எனப்படும் கம்பி வேண்டும். அது ஓடிய பிறகு வேகத்தைப் படிப்படியாக உயர்த்துங்கள். எழுத்துகள் விடுபடத் தொடங்கினால் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் வழியான ஃப்ளோ கன்ட்ரோலை இயக்கிப் பாருங்கள். எல்லாம் நிலைபெற்றதும், முகவரியையும் ஐஆர்க்யூவையும் ஜம்பர் நிலைகளையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டு மூடியைத் திருகுங்கள்.