இரண்டு நாளில் ஒரு தோட்டம்: முதன்முறையாகப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு

தோட்டம் அமைக்கும் போட்டி நடக்கிற இடத்துக்குப் போனதும் முதல் வேலையாகச் செடிகளுக்குத் தண்ணீர் காட்டுங்கள். வரைபடம், மண்வெட்டி, கயிறு எல்லாம் அப்புறம். வண்டியில் வந்த செடிகள் காற்றடித்துச் சோர்ந்திருக்கும், தொட்டியின் மேல்மண் ஈரமாகத் தெரிந்தாலும் உள்ளே காய்ந்து போயிருக்கும். பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு செடியையும் தொட்டியோடு அமிழ்த்துங்கள். குமிழ் குமிழாகக் காற்று வரும், அது நின்றதும் எடுத்து நிழலில் வையுங்கள்.

முதல் போட்டியில் நான் இதைச் செய்யவில்லை. 4 மீட்டருக்கு 3 மீட்டர் இடம், இரண்டு பகல் நேரம், வேலைக்கு நானும் ஒரு நண்பரும். மறுநாள் மதியம் நட்ட செடிகளில் பாதி தலை தொங்கி நின்றன. பூவாளி பூவாளியாக ஊற்றியும் பலனில்லை, ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் சுற்றிலும் சேறு, வேரைப் பிடித்திருந்த மண்கட்டி மட்டும் நடுவில் பொடியாக உதிர்ந்தது. நன்றாகக் காய்ந்துவிட்ட தொட்டி மண் தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றுவதெல்லாம் பக்கவாட்டில் வழிந்து இறங்கிவிடும். அத்தனையையும் எடுத்து ஊறவைத்துத் திரும்ப நட்டதில் மூன்று மணி நேரம் போனது.

வீட்டுக்கு வந்து நேரம் எங்கே போனது என்று எழுதிப் பார்த்தேன். தோண்டியதிலும் நட்டதிலும் அவ்வளவு போகவில்லை. நட்டதைப் பிடுங்கியது, போட்ட கல்லை அள்ளியது, ஒரே மண்ணை இங்கிருந்து அங்கே தள்ளி மறுபடி இங்கேயே கொண்டு வந்தது என்று செய்ததையே திரும்பச் செய்ததில்தான் ஒரு முழுப் பகல் கரைந்திருந்தது. அதனால் கீழே சொல்கிற எல்லாமே வரிசையைப் பற்றியது. எதையும் இரண்டாம் தடவை தொடாமல் இருக்க என்ன வழி என்று மட்டும் பாருங்கள்.

போட்டிக்குப் பல நாள் முன்பே உங்கள் தோட்டம் யாருக்கு, எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். லண்டனில் 1913-ல் தொடங்கிய செல்சி மலர்க் காட்சியில்கூட வடிவமைப்பாளர்கள் தங்கள் தோட்டத்தின் நோக்கத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார்கள், நடுவர்கள் அதோடு ஒப்பிட்டுத்தான் பதக்கம் தருகிறார்கள். "மாலையில் ஒருவர் உட்கார்ந்து படிக்க, நிழலும் மறைவும் உள்ள மூலை" என்று எழுதினீர்களா, சரி, இனி நீரூற்று வேண்டுமா, வண்ணக்கல் வேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த வாக்கியமே பதில் சொல்லிவிடும். படிக்கிறவருக்கு இருக்கை வேண்டும், பின்னால் உயரமான செடி வேண்டும், கால் வைக்க உறுதியான தரை வேண்டும். மற்றதை விட்டுவிடுங்கள். சின்ன இடத்தில் மூன்று யோசனைகளைத் திணித்தால் மூன்றும் அரைகுறையாக நிற்கும்.

அடுத்து கட்டம் போட்ட தாளில் 1:20 அளவில் வரையுங்கள். 4 மீட்டர் 20 சென்டிமீட்டராகிவிடும், 3 மீட்டர் 15 ஆகிவிடும், கையில் மடித்துக்கொண்டு போகலாம். ஒருவர் நடக்கும் பாதைக்கு 60 சென்டிமீட்டர், இருவர் சேர்ந்து நடக்க 120 வேண்டும். இருக்கை வைப்பதாக இருந்தால் உட்காருகிறவர் கால் நீட்டும் இடத்தையும் சேர்த்தே வரையுங்கள், புதிதாகச் செய்கிறவர்கள் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். நேரத்தையும் இப்போதே பங்கு போட்டுவிடுங்கள். 16 மணி நேரம் கிடைக்கிறதென்றால் அளந்து குறிக்க 1, தரைக்கும் பாதைக்கும் 6, நடுவதற்கு 5, மூடாக்குக்கும் (செடியைச் சுற்றி மண்ணை மூடிப் பரப்பும் சருகு, மரத்தூள் போன்றது) சுத்தம் செய்வதற்கும் 2, மீதி 2 மணி நேரத்தைத் தொடாமல் வையுங்கள். ஏதாவது ஒன்று தவறத்தான் செய்யும், அதற்கு அது வேண்டும்.

இடத்தில் குறிக்கும்போது கண்ணளவை நம்ப வேண்டாம். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, அடுத்த பக்கம் 4 அடி அளந்து முளை அடியுங்கள், இரண்டு முளைக்கும் நடுவே குறுக்காக 5 அடி வந்தால் அது செங்கோணம். ஓரங்களில் முளைக்கு முளை கயிறு கட்டிவிடுங்கள். வளைவுக்குத் தண்ணீர்க் குழாயைத் தரையில் போட்டு வளைத்துப் பார்ப்பதுதான் எளிது, பிடித்த வடிவம் வந்ததும் அதன் ஓரமாகச் சுண்ணாம்புத் தூள் தூவிவிடுங்கள். பிறகு நடுவர்கள் எந்தப் பக்கமிருந்து பார்ப்பார்களோ அங்கே போய் நின்று ஒருமுறை பாருங்கள். மாற்ற வேண்டியதை இப்போதே மாற்றிவிடலாம், கயிறை நகர்த்த ஒரு நிமிடம் போதும்.

தரை வேலைக்கு சிமென்ட் பூச்சை நினைக்கவே நினைக்காதீர்கள். கான்கிரீட்டின் முழு வலிமையை 28 நாள் கழித்துத்தான் கணக்கெடுக்கிறார்கள். ஒரு நாளில் மேலே காய்ந்த மாதிரி தெரியும், கனமான தொட்டியை நகர்த்தினால் ஓரம் பெயர்ந்துவிடும். கலவை இல்லாமல் மணலில் பதிக்கும் செங்கல்தான் அவசரத்துக்குத் தோதானது. பாதையைத் தோண்டி, அடியில் ஜல்லியைப் பரப்பி திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கனமான கட்டை) போட்டு நன்றாக இறுக்குங்கள். தடிமனாகப் போடுவதென்றால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை இடிக்க வேண்டும், மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடியில் பொத்தலாகவே இருக்கும். அதன்மேல் 3 சென்டிமீட்டர் மணலைப் போட்டு, நேரான பலகையால் இழுத்துச் சமன் செய்யுங்கள். இழுத்த மணலில் யாரும் கால் வைக்கக் கூடாது. முன்னால் கட்டிய கயிறை ஒட்டி முதல் வரிசையை வையுங்கள், ஒவ்வொரு கல்லையும் ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள், ரசமட்டத்தை (மட்டம் பார்க்கும் குமிழ்க் கருவி) மேலே வைத்துப் பாருங்கள். தண்ணீர் தேங்காமல் இருக்க மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிவு போதும், ஆனால் சரிவு இருக்கையை விட்டு விலகிப் போக வேண்டும். முதல் வரிசைக்கு அரை மணி நேரம் ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். முதல் கல் அரை விரல் சாய்ந்தால் பத்தாவது கல்லில் கோணல் நன்றாகத் தெரியும். ஓரக்கற்களை இறுக்கி அடைத்த பிறகு உலர்ந்த மணலைத் தூவித் துடைப்பத்தால் இடுக்குகளுக்குள் பெருக்கித் தள்ளினால் பாதை அசையாது.

கூழாங்கல் பரப்புவதாக இருந்தால் அடியில் துணி விரிப்பைப் போடுங்கள், இல்லாவிட்டால் கல் மண்ணுக்குள் புதைந்துகொண்டே போகும். ஆனால் கல்லைக் கடைசியில் பரப்புங்கள். வெள்ளைக் கல்லைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் செடி நட்டுத் தண்ணீர் விட்டு, சேறு தெறித்த கல்லை ஒவ்வொன்றாகக் கழுவி எடுத்த அனுபவம் எனக்கு இருக்கிறது. புல் விரிப்புச் சுருளை வந்த அன்றைக்கே விரித்துவிட வேண்டும், சுருட்டியே வைத்திருந்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகிவிடும். செங்கல் வரிசை மாதிரி இணைப்பு மாறி மாறி வரும்படி நெருக்கி வைத்து உடனே தண்ணீர் விடுங்கள்.

எந்த வேலையானாலும் பின்மூலையில் தொடங்கி வாசல் பக்கமாக வாருங்கள். முடித்த இடத்தை மிதித்துக்கொண்டு போக வேண்டிய நிலையே வராது.

இனி செடி. குழி தோண்டுவதற்கு முன்னால் எல்லாச் செடிகளையும் தொட்டியோடு அவற்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள், பெரியதை முதலில். எனக்குக் கைகொடுத்த வழி ஒன்று உண்டு: போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பூவின் நிறம் போனதும் எல்லாம் ஒரே சாம்பல் திட்டாகத் தெரிந்தால் இலைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று அர்த்தம். அகல இலைக்குப் பக்கத்தில் ஊசி மாதிரிப் புல், அடர்பச்சைக்கு முன்னால் வெளிர்பச்சை என்று மாற்றுங்கள். வகைக்கு ஒன்றாக இருபது வகை வாங்காதீர்கள். ஐந்தாறு வகை போதும், ஒவ்வொன்றையும் மூன்றாகவோ ஐந்தாகவோ கூட்டமாக வையுங்கள், தோட்டம் பல நாள் வளர்ந்தது போல உடனே ஒரு நிறைவு வரும்.

போட்டி முடிந்ததும் செடிகளை எடுத்துப் போகிறீர்களா? விதி அனுமதித்தால் தொட்டியோடு புதைத்து விளிம்பை மூடாக்கால் மறைத்துவிடுங்கள், வேருக்கும் சேதமில்லை, வாடியதை நொடியில் மாற்றலாம். மண்ணிலேயே நடுவதென்றால் குழி இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் தொட்டியில் இருந்த அளவே. தொட்டிக்குள் சுருண்ட வேரை விரலால் லேசாகப் பிரித்து விடுங்கள், காகிதப்பூவை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், அதன் மண்கட்டி உடைந்தால் செடி தாங்காது. ரசாயன உரம் இப்போது வேண்டாம். நட்டதும் நன்றாகத் தண்ணீர் விட்டு, மண் படிந்த பிறகு 5 சென்டிமீட்டர் மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு.

கடைசி ஒரு மணி நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், கையில் நான்கு செடி மிச்சமிருந்தாலும் சரி. பாதையைப் பெருக்குங்கள், நர்சரிச் சீட்டுகளை எடுங்கள், மண் தெறித்த இலைகளை ஈரத்துணியால் துடையுங்கள், பழுத்த இலையையும் உதிர்ந்த பூவையும் பொறுக்குங்கள். பிறகு நீங்கள் போட்ட இருக்கையில் நீங்களே போய் உட்காருங்கள். நின்று பார்த்தபோது தெரியாத காலிப் பைகளும் செடிக்குப் பின்னால் கிடக்கும் மண்வெட்டியும் அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும், எடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.