முதல் ஞாயிற்றுக்கிழமை: ஜூனியரைக் கூட்டிக்கொண்டு ஊரில் உட்காருவது எப்படி

மயிலாடுதுறை கோர்ட்டில் நான் கறுப்பு கோட்டு போட்டது 1994இல். என் சீனியர் 2011இல் காலமானார். அவர் விட்டுப்போனவை: மர பீரோ நிறையக் கோர்ட் டைரி, கயிறு கட்டிய கேஸ் கட்டுகள், எங்கள் குமாஸ்தா அண்ணன், அப்புறம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஆபீஸே கிளம்பிக் குத்தாலம் பக்கம் ஒரு கிராமத்தில் போய் உட்காரும். வருகிறவர்களின் காகிதங்களைப் படித்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும். பைசா வாங்காது. இப்போது நான் சீனியர், என்னோடு இரண்டு ஜூனியர். வெளியூர் வக்கீல் சங்கங்களில் இருந்து இளம் வக்கீல்கள் சிலர் இதை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவிடுகிறேன்.

எங்கே உட்காருவது

தப்பு பெரும்பாலும் இடத்தில்தான் ஆரம்பிக்கும். ஊரில் இறங்கியதும் பெரிய வீட்டுக்காரர் ஒருவர், "நம்ம திண்ணையிலயே உக்காருங்க, காத்து சும்மா பிச்சிக்கிட்டு வரும்" என்பார். காற்று வரும்; குத்தகைக்காரர் வரமாட்டார். நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணையில் ஏறி, "குத்தகைப் பதிவுல எம் பேரு இருக்கான்னு பாருங்கம்மா" என்று யார் கேட்பார்? கோயில் மண்டபத்திலும் இதே சங்கடம். அந்தப் பக்கம் கால் வைக்கத் தயங்குகிற தெரு ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது.

1955இன் குத்தகை சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம், 1969இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், விவசாயத் தொழிலாளிக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கிய 1971ஆம் வருஷத்துச் சட்டம் இவற்றுக்கெல்லாம் பின்னால் இந்த மண்ணின் சண்டை இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணி இங்கிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரம்தான். அதனால் திண்ணைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு மாதம் பள்ளிக்கூட வராந்தா, மறுமாதம் காலனித் தெரு சமுதாயக் கூடம் என்று மாற்றி மாற்றி உட்காருங்கள். தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டால் போதும்.

நேரம், சாயங்காலம் நாலு மணி. காலை பத்து என்று வைத்தால் வேலை இல்லாத ஆண்கள்தான் வந்து கதை பேசுவார்கள். மாதங்களில் மாசி, பங்குனி, சித்திரை கூட்டம் தாங்காது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து குறுவை நடவு சூடுபிடித்துவிட்டால் ஈ ஓட்டலாம். தை அறுவடை முடியும்வரை கூட்டம் ஏறி இறங்கும். கூட்டம் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். போன மாதம் வக்கீல் வரவில்லை என்ற சேதி ஊருக்குள் பரவ ஒரு டீக்கடை போதும்.

ஆள் பிடிக்கக் கூடாது

வக்கீல் விளம்பரம் செய்யவோ வழக்குத் தேடி அலையவோ கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. பேனர், நோட்டீஸ், விசிட்டிங் கார்டு எதுவும் வேண்டாம். என் சீனியர் இதற்கு மேலும் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை பார்த்தவருடைய வழக்கு ஃபீஸ் வாங்கிக்கொண்டு நம் ஆபீஸுக்கு வரக் கூடாது. ஆரம்பத்தில் எனக்கு இது அசட்டுத்தனமாகத் தெரிந்தது. நல்ல பாகப்பிரிவினை வழக்குகள் கையைவிட்டுப் போயின. ஆனால் அந்த ஊரில் எங்களை ஒருவர்கூட 'கேஸ் பிடிக்க வந்த வக்கீல்' என்று சொன்னதில்லை. நாங்கள் "இதுக்கு கோர்ட்டு வேணாம், அண்ணன் தம்பி பேசி முடிங்க" என்று சொன்னால் நம்புகிறார்கள். நமக்கு அதில் லாபம் இருந்தால் நம்புவார்களா?

கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டிய விஷயத்தை வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புங்கள். அந்த வட்டத்தின் மூத்த நீதிபதிதான் அதற்குத் தலைவர். உட்கார ஆரம்பிப்பதற்கு முன்பே அங்கே போய்ச் சொல்லிவிடுவது மரியாதை, பிரயோஜனமும்கூட. 1987இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவை ஜூனியர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம் வறட்சி போன்ற பேரிடரில் சிக்கியவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. "எனக்கு நெலம் இருக்கே, தருவாங்களா?" என்று பெண்கள் கேட்பார்கள். தருவார்கள். 15100 என்ற உதவி எண்ணைப் பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதிவிட்டு வாருங்கள். நம் நம்பரை எழுதாதீர்கள்.

ஜூனியருக்கு அங்கே என்ன வேலை

ஊருக்கு நல்லது செய்வது ஒரு பக்கம். ஜூனியரை வளர்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கோர்ட்டில் முதல் இரண்டு வருஷம் ஜூனியர் செய்வது வாய்தா வாங்குவது. சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று சொல்லச் சொல்லி வாய் பழகிவிடும். காகிதம் படிக்கக் கண் பழகாது.

முதல் ஆறு மாதம் ஜூனியர் யோசனை சொல்லக் கூடாது. கொண்டுவரும் பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இது தண்டனை மாதிரித் தெரியும். 1940களின் கையெழுத்துப் பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்தால் புரியும். பரப்பு 'மா' கணக்கில் இருக்கும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு குழிக்கு 144 சதுர அடி. எனவே ஒரு மா சுமார் 33 சென்ட், ஒரு வேலி 6.6 ஏக்கர். பட்டாவில் ஹெக்டேர், பத்திரத்தில் மா, வாய்ப்பேச்சில் ஏக்கர். மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தெரியாதவர் சிவில் வக்கீல் ஆக முடியாது. வருஷம் பசலியில், அதாவது பழைய வருவாய்க் கணக்கு ஆண்டில், இருக்கும். 590 கூட்டினால் ஆங்கில வருஷம். செக்குபந்தி என்று நான்கெல்லை போட்டிருக்கும், அதில் 'வாய்க்காலுக்குக் கிழக்கு' என்றால் எந்த வாய்க்கால் என்று அந்த ஊர்ப் பெரியவர்தான் சொல்ல வேண்டும். என் மூத்த ஜூனியர் சென்னையில் படித்துவிட்டு வந்த பையன். முதல் நாள் 'மா' என்பதை மாமரம் என்று படித்தான். ஊரே சிரித்தது. இன்றைக்கு அளவுக் கணக்கில் அவன் என்னைத் திருத்துகிறான்.

அடுத்த ஆறு மாதம், கேள்வி கேட்கப் பழக்குங்கள். அதில் ஒரே ஒரு கேள்வியை மறக்கவே கூடாது: "கோர்ட்டிலிருந்து ஏதாவது காகிதம் வந்துச்சா?" சம்மனை வாங்கி எரவானத்தில் செருகிவிட்டு, வந்ததையே மறந்துபோன குடும்பங்கள் ஏராளம். சிவில் வழக்கில் எதிருரை போட 30 நாள், கோர்ட் மனம் வைத்தால் 90 நாள் வரை. வராமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது நம் பக்கம் கேட்காமலே தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்கத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சேராமல் இருந்தால் மட்டும் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எரவானத்திலிருந்து இறங்கும் சம்மன்களுக்காகவே மாசி மாதக் கூட்டத்துக்கு நாங்கள் தாமத மன்னிப்பு மனு மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து வைத்திருப்போம்.

இரண்டாம் வருஷம் அவர்களே பேசட்டும். நீங்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளுங்கள். ரொம்பக் கஷ்டம், நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். தப்பாகச் சொன்னால் கட்சிக்காரர் முன்னால் திருத்தாமல், "தம்பி, அந்த ரெண்டாம் பக்கத்த இன்னொரு தரம் படி" என்பேன். படித்தால் அவனுக்கே தெரிந்துவிடும்.

குமாஸ்தாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நகல் மனு எந்த செக்ஷனில் போடுவது, வில்லங்கச் சான்றில் எத்தனை வருஷம் கேட்பது, எந்த நாளில் போனால் சார்பதிவாளர் ஆபீஸில் கூட்டம் குறைவு இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஜூனியர்கள் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அன்றைக்கே பேசி முடித்துவிட்டேன்.

சம்பளமும் பேசிவிடலாம். ஜூனியருக்கு மாதம் குறைந்தது இவ்வளவு தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தொகை, எங்களைப் போன்ற மாவட்டங்களுக்கு 15,000 ரூபாய். சின்ன ஊர் ஆபீஸுக்கு அது பாரம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்கிவிட்டுப் பஸ் காசுக்குக் கையேந்த வைப்பவர் தொழில் சொல்லிக்கொடுப்பதாகப் பேசக் கூடாது. நான் பெரியவனுக்கு முழுதும் தருகிறேன், சின்னவளுக்கு இன்னும் எட்டவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இருக்கிறது.

அசலைத் தொடாதே, சீட்டு எழுது

1996 ஐப்பசி. ஒரு ஆயா, மாமனார் காலத்துக் கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். நிதானமாகப் படித்துவிட்டு அடுத்த மாதம் தருகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டேன். மாயவரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மழை கொட்டியது. வீட்டில் வந்து பிரித்தால் நீல மை பாதிப் பக்கம் கரைந்திருந்தது. சீனியர் திட்டவில்லை. மறுநாள் கோர்ட்டுக்கு வர வேண்டாம் என்றார். ஊருக்குப் போய் ஆயாவைக் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் ஆபீஸில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, நகல் கைக்கு வரும்வரை மூன்று தரம் அலைந்தேன். செலவு என்னுடையது. ஒவ்வொரு தரமும் ஆயா எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஆகவே அசல் பத்திரம் அவர் கையிலேயே இருக்கட்டும். போனில் படம் எடுக்கலாம், அதுவும் கேட்டுவிட்டு. 2018இல் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் உட்கார்ந்தபோது இந்த அலைச்சல் அனுபவம் கைகொடுத்தது. அங்கே கூரையோடு பத்திரமும் போயிருந்தது. பதிவான பத்திரத்துக்கு நகல் கிடைக்கும் என்று சொன்னதும் பலருக்கு மூச்சு திரும்பி வந்தது.

ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. கார்பன் வைத்து எழுதி, ஒன்று அவருக்கு, ஒன்று நம் நோட்டுக்கு. பெயர், சர்வே எண், எந்த ஆபீஸ், யாரைப் பார்ப்பது, என்ன காகிதம், எந்தத் தேதிக்குள். தமிழில், பெரிய எழுத்தில், பள்ளிக்கூடம் போகும் பேத்தி வாசிக்கிற மாதிரி. ஜூனியர்கள் முதலில் 'மேற்படி சொத்து சம்பந்தமாக' என்று ஆரம்பிப்பார்கள். கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். மாயூரம் என்ற இந்த மயிலாடுதுறையில் முன்சீபாக, அதாவது சிவில் நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை 19ஆம் நூற்றாண்டிலேயே கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தவர். நாம் ஒரு சீட்டு எழுத முடியாதா?

சீனியர் போன பிறகு

வக்கீல் இறந்தால், வழக்கு நடத்தக் கட்சிக்காரர் அவருக்கு எழுதிக் கொடுத்த வக்காலத்தும் அதோடு முடிந்துவிடும். ஆபீஸ் உங்களுடையது என்பதால் வழக்கும் உங்களுடையது ஆகிவிடாது. காரியம் முடிந்த வாரமே நடப்பு வழக்குகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் அடுத்த வாய்தா தேதியோடு கடிதம் போடுங்கள். வேறு வக்கீலிடம் போக விரும்பினால் கட்டைக் கொடுத்துவிடுங்கள். எனக்குப் பாதிக் கட்டுகள் போயின. முடிந்த வழக்குகளில் கிடந்த அசல் ஆவணங்களையும் உரியவர் வீடு தேடித் திருப்பினோம், அதற்கே ஒரு வருஷம் ஆனது. டைரிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். யார் எப்போது வந்து என்ன கேட்டார் என்பது அதில் இருக்கிறது.

சீட்டு வாங்கிப் போனவரை அடுத்த மாதம் விசாரிப்பது சின்னவள் பொறுப்பு. நோட்டைப் பிரித்து, போன மாதப் பெயர்களை வாசித்து, வராதவர் வீட்டுக்கு நடந்து போவாள். போன பங்குனியில் அப்படிப் போன வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். என் சீனியரின் கையெழுத்து, 1988. 'பட்டாவில் உங்கள் அப்பா பெயர் விடுபட்டுள்ளது. தஞ்சாவூர் போய் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுக் கொடுக்கவும்.'

"போகலியா ஐயா?" என்று கேட்டாளாம்.

"தஞ்சாவூர் தூரம்னு விட்டுட்டோம்மா. அப்பறம் ஜில்லா மாறிடுச்சு, நாகப்பட்டினம்னாங்க. அதுவும் தூரம்தான்."

"இப்ப கலெக்டர் ஆபீஸ் மயிலாடுதுறையிலயே வந்துடுச்சுங்க. 2020லயே."

பழைய சீட்டை அவரிடமே கொடுத்துவிட்டு, புதுத் தாளில் கார்பன் வைத்து எழுத ஆரம்பித்தாள்.